நான்கு சாடிக்குத் தண்ணீர்

விரல் நனைந்துவிட்டது. நனைந்திருக்கக் கூடாது. சுட்டுவிரலை இரண்டாம் கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், இல்லாவிட்டால் கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடிவிட்டுப் பேசாமல் மேலே போய்விட வேண்டும் என்று மகன் சேந்தன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். விரலோ முதல் கணுவுக்கே சேற்றுக்குள் இறங்கிவிட்டது. கமலாம்பிகை விரலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். குட்டைத் தண்ணீர் நாற்றம். அடுத்த சாடி, அதுவும் சேறு. மூன்றாவது, நாலாவது. கீழே வைத்திருந்த தட்டுகளில் தண்ணீர் விளிம்பு முட்டி நின்றது, மேலே எரிந்த வெள்ளை விளக்கு அதில் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. இலைகள் காய்ச்சல்காரரின் கைவிரல்கள் மாதிரிக் கீழ்நோக்கித் தொங்கின, அடியிலைகள் மஞ்சள், மண்ணுக்கு மேலே தெரிந்தும் தெரியாமலும் பொடிப் பூச்சிகள் பறந்தன. நான் ஊற்றவில்லையே என்று நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை, ஊற்றவில்லையா என்று உள்ளே ஒருத்தி கேட்டாள். இந்த உள்ளே இருக்கிறவள் இப்போது சில மாதங்களாகத்தான் வந்து குடியிருக்கிறாள், வாடகையும் இல்லை, வெட்கமும் இல்லை, எதைச் சொன்னாலும் உண்மையாகவா என்று கேட்பதே அவளுக்கு வேலை. நீ ஊற்றவில்லை என்றால் யார் ஊற்றியது? ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள், மழையா பெய்தது? வியாழக்கிழமை ஊற்றினேன், தெருவில் பனி அள்ளுகிற வாகனம் பக்கத்து வீட்டுக் கடிதப் பெட்டியை இடித்துத் தள்ளிய அன்று, அந்தச் சத்தம் கேட்டபோது கையில் பூவாளி இருந்தது, நல்ல ஞாபகம். அதற்குப் பிறகு ஊற்றவில்லை. அதற்குப் பிறகு தினமும் இறங்கி வந்தேன், விரல் விட்டேன், ஈரம், போனேன். ஈரம், போனேன். இன்றைக்கு மட்டும் இது என்ன வெள்ளம்? ஒருவேளை ஒருநாள் விரல் விட்டது மட்டும் நினைவில் நின்று, ஊற்றியது நினைவில் நிற்காமல் போயிருக்கலாம் அல்லவா என்றாள் உள்ளே இருந்தவள், மிகவும் அன்பாக.

பிள்ளைகள் பின்னேரம் வந்துவிடுவார்கள். மருமகள் நிரோஜாவின் தங்கைக்கு வான்கூவரில் கலியாணம், முடிந்து விமானம் ஏறியாயிற்று என்று காலையில் செய்தி வந்தது. வந்து சப்பாத்தைக் கழற்றியதும் சேந்தன் முதலில் இறங்கப்போவது இங்கேதான், தாயிடம் சுகம் கேட்பதற்கு முன் கன்றுகளிடம் கேட்பான். அவன் சுபாவம் அப்படி, பிழை சொல்ல முடியாது. கார் அடிபட்டு முதுகெலும்பில் தகடு வைத்த பிறகு அவன் இரவில் தூங்கியதில்லை, நோவுக்கு விழுங்கிய குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கின, கடைசியில் இந்தச் செடியின் பூவை எண்ணெயில் காய்ச்சி இரண்டு சொட்டு நாக்கின் கீழ் விட்டபோதுதான் பிள்ளை குறட்டை விட்டான். அந்தக் குறட்டையைக் கேட்டுக் கமலாம்பிகை கதவுக்கு வெளியே நின்று அழுதாள். அதன் பிறகு அந்தச் செடி அவளுக்குக் கஞ்சா இல்லை, கன்று. ஒரு வீட்டில் நாலு வளர்க்கலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, நாலுதான் வளர்த்தான். நாற்றம் மேலே வரும் நாட்களில் அவள் சாம்பிராணி போடுவாள், வந்த சனத்துக்குச் சாம்பிராணியும் கஞ்சாவும் சேர்ந்து மணக்கும், இது எங்கள் வீட்டு விசேஷம் என்பது போல அவள் பலகாரத் தட்டை நீட்டுவாள். பேரின்பநாயகத்துக்குத்தான் பிடிக்கவே இல்லை. "கடல் தாண்டிக் கொண்டுவந்து படிப்பிச்சது வீட்டுக்க கஞ்சா வளக்கவே?" என்று அவள் கணவர் மேலே கதிரையில் இருந்தபடி கூரைக்குக் கேட்கச் சொல்வார். முழங்கால் நோவென்று படி இறங்காத மனுசன், அந்தக் கூடாரத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சபதம் போட்டவர். ஆகவே கன்றுகள் அவள் பொறுப்பில் விடப்பட்டன. விட்டபோது சேந்தன் முகத்தில் ஒரு தயக்கம் இருந்ததை அவள் கண்டாள். "அம்மா, இலை வாடினாப்போல தண்ணி கேக்குது எண்டு நினைக்காதேங்கோ. தண்ணி குறைஞ்சாலும் வாடும், கூடினாலும் வாடும். கூடினாத்தான் கூடாது, வேர் அழுகிப் போம்" என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, சொன்னது உள்ளே போனதா என்று பார்த்து, திரும்பவும் சொன்னான். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

அன்றிரவு அவன் குசினியில் நிரோஜாவிடம் தாழ்ந்த குரலில் கதைத்ததும் அவள் காதில் விழுந்தது, காது மட்டும் இந்த வயதிலும் கத்திமாதிரி. "இந்த முறை விட்டுப் பாப்பம். கன்றுகளையும் வீட்டையும் எப்பிடிப் பாக்கிறா எண்டு பாப்பம். சரிவரேல்லையெண்டா இனித் தனிய விடேலாது, அந்த இடத்துக்குப் பேரைக் குடுக்கத்தான் வேணும்." அந்த இடம் என்பது எந்த இடமென்று அவளுக்குத் தெரியும், மார்க்கம் பக்கம் ஒரு முதியோர் இல்லம், மூன்று மாடி, முன்னால் ஒரு ஊசியிலை மரம், தமிழ் ஆட்களும் இருக்கிறார்களாம், சோறு கறியும் கொடுப்பார்களாம். அவள் ஒருமுறை மனுசனோடு அங்கே மல்லிகாதேவி ரீச்சரைப் பார்க்கப் போனாள். ரீச்சர் சோறு கறி சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தா, மேல்சட்டையில் கறி வழிந்தபடி இருந்தது, பக்கத்தில் துடைக்க யாரும் இல்லை, துடைத்துவிட வேண்டிய பெண்ணுக்கு வேறு யாரையோ துடைக்கிற அவசரம். கமலாம்பிகை கைக்குட்டையை எடுத்தபோது ரீச்சர், நீங்கள் ஆரப்பா என்றா. நாற்பது வருடம் தெரிந்தவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கமலாம்பிகை மனுசனின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், கலியாணம் முடித்த புதிதில்கூடப் பஸ்ஸில் அப்படிப் பிடித்ததில்லை. என்னை அங்கே கொண்டுபோய் விட்டால் இந்த மனுசனை யார் பார்ப்பது, அவருக்கு உப்பு குறைந்தால் சோற்றைத் தள்ளிவிடுவார், கூடினால் சொல்லாமல் சாப்பிடுவார், இதெல்லாம் யாருக்குத் தெரியும், நிரோஜாவுக்கா? அவள் நல்ல பிள்ளை, ஆனால் அவளுக்குத் தெரியாது. ஐம்பது வருடமாகப் பக்கத்தில் கேட்ட மூச்சு கேட்காமல் அந்த மூன்றாம் மாடியில் எப்படித் தூங்குவது. இந்த நாலு சாடியும் காய்ந்து, பசேலென்று நிமிர்ந்து நின்றால் அந்தக் கதை கொஞ்சக் காலத்துக்காவது தள்ளிப்போகும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. நிற்கவில்லை, தொங்குகின்றன.

துணி வேண்டும். சலவை மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய துவாய் இரண்டை எடுத்து வந்து, முழந்தாளில் மெல்ல மெல்ல இருந்து, தட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீர். தோள்மூட்டு இழுத்தது. சாடியைத் தூக்கிப் பார்த்துப் பாரம் அறிந்து ஊற்றுவதுதான் சரியான முறையாம், காய்ந்த சாடி பஞ்சுமாதிரி வருமாம், அவளுக்கு இந்தத் தோளோடு தூக்க முடியாது என்பதால்தான் விரல். விரல் பொய் சொல்லுமா? விரல் சொல்லாது, மூளைதான் சொல்லும். மூளையைப் பற்றி அவளுக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது, கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை. மருந்துப் போத்தல்களுக்கு மூடி போடுகிற தொழிற்சாலையில் அவள் வேலை செய்தபோது, எந்த மேசையில் எந்த மூடி குறைகிறது என்று மேற்பார்வைக்காரன் தாளைப் பார்க்காமல் அவளைப் பார்ப்பான். சொந்தக்காரர் எல்லாருடைய ரெலிபோன் நம்பரும் வாயில் இருந்தது, வீடு மாறியவர்களின் பழைய நம்பரும் சேர்த்து. யார் பிள்ளைக்கு என்ன நட்சத்திரம், யார் யாரோடு எந்த வருடத்திலிருந்து கதைப்பதில்லை, ஏன் கதைப்பதில்லை, எல்லாம். மறக்க விரும்புகிறவர்களுக்கு அவள் ஒரு தொல்லையாகவே இருந்தாள் என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவளை, ஞாபகசக்தியைச் சோதித்த டொக்டர் மூன்று சொல் சொல்லி விழுத்திவிட்டான். அவன் ஆங்கிலத்தில் சொல்ல, ரெலிபோனில் மொழிபெயர்க்கிற ஒரு பெண் தமிழில் சொன்னாள், இந்தியத் தமிழ், குரலில் தேன். கதவு, எலுமிச்சை, நாற்காலி. கொஞ்ச நேரம் கழித்து அந்த மூன்றையும் சொல்லச் சொன்னார்கள். கமலாம்பிகை பளிச்சென்று சொன்னாள், கதவு, தேசிக்காய், கதிரை. ரெலிபோனில் அந்தப் பிள்ளை தயங்கினாள். கதிரா என்றாள், தேசியா என்றாள், இல்லைம்மா நான் அப்படிச் சொல்லவில்லையே என்றாள், பிறகு டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், டொக்டர் ஏதோ எழுதினான். தேசிக்காயும் எலுமிச்சையும் ஒன்றுதான், கதிரையும் நாற்காலியும் ஒன்றுதான் என்று யாரிடம் வழக்குப் பேசுவது, சேந்தன் வெளியே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். வழியில் அவனிடம் சொன்னாள். "சரி அம்மா, சரி அம்மா" என்றான். அந்த இரண்டு சரியில் அவன் நம்பவில்லை என்று தெரிந்தது. உள்ளே இருக்கிறவளும் அன்றைக்குத்தான் வந்து குடியேறினாள், நாற்காலி என்றுதானே சொன்னார்கள், நீ ஏன் கதிரை என்றாய், கேட்டதைக் கேட்டபடி சொல்ல முடியவில்லையா என்று.

"இஞ்சாரும்!" மேலேயிருந்து குரல். "தேத்தண்ணி தாறீரே?"

கமலாம்பிகையின் கை துவாயோடு நின்றது. தேத்தண்ணி கொடுத்தாயிற்றே. சாப்பிட்டு எழும்பியதும் கொடுத்தேனே, இஞ்சி தட்டிப் போட்டு. கொடுத்தேனா? இஞ்சி தட்டியது நினைவிருக்கிறது, அது இன்றைய இஞ்சியா நேற்றைய இஞ்சியா, இஞ்சிக்கு முகம் இருக்கிறதா இது இன்றைக்குரியது என்று சொல்ல. அவர் குடித்தது? கோப்பையை வாங்கும்போது அவர் பார்க்கிற பார்வை, ஐம்பது வருடமாக ஒரே பார்வை, அதை எந்த நாளில் கொண்டுபோய் வைப்பது. துவாயைப் போட்டுவிட்டுப் படியேறினாள், ஒவ்வொரு படியிலும் முழங்கால் சத்தம், குசினித் தொட்டியில் பார்த்தாள், கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. கழுவியது யார், நான்தான், எப்போது, தெரியாது. அவர் யன்னலோரம் தன் கதிரையில், தோளில் சால்வை, வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு, நிம்மதியான முகத்தோடு இருந்தார். தேத்தண்ணி குடிக்காதவர் முகமா குடித்தவர் முகமா? அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் பின்னேரம் மகனிடம் சொல்வார், கொம்மா தேத்தண்ணி தந்ததையும் மறந்து நிக்கிறா என்று. கேத்திலைப் போட்டாள், இஞ்சி தட்டினாள், இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள், இப்போது இஞ்சி தட்டுகிறாய், இப்போது சீனி போடுகிறாய் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இரண்டு கிழமைக்கு முன் சோற்றுப்பானை கருகியதும் இப்படித்தான், அடுப்பை நிறுத்திவிட்டுத்தான் குளிக்கப் போனாள் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தாள், வந்து பார்த்தால் வீடெல்லாம் புகை, அலாரம் கத்துகிறது, நிரோஜா யன்னலைத் திறந்தபடி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அந்தச் சொல்லாமல் விட்டதுதான் சுட்டது. கலண்டரில் எழுதிவையுங்கோ மாமி என்றாள் பிறகு. எழுதிவைப்பது மறக்கிற ஆட்களுக்கு என்று இவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். வாய்க்கொழுப்பு. எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தப் பாடு இல்லை. தேத்தண்ணியைக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்து, "நல்லாயிருக்கு, இண்டைக்கு இப்பதான் ஒரு தேத்தண்ணி கிடைச்சுது" என்றார். அவள் சிரித்தாள், சிரிப்பு வாயில் மட்டும் நின்றது.

ரெலிபோன் அடித்தது. சேந்தன்.

"இறங்கிட்டம் அம்மா, பெட்டி வந்தா வெளிக்கிட வேண்டியதுதான். என்ன மாதிரி, எல்லாம் ஓகேயோ?"

"ஓம் தம்பி, ஒரு குறையுமில்லை."

"கன்றுகள்?"

"நல்லா நிக்குது."

"கடைசியா எப்ப ஊத்தினீங்கள்?"

"வியாழக்கிழமை." சொல்லிய வேகத்தில் அவளே ஆச்சரியப்பட்டாள்.

"அதுக்குப் பிறகு ஊத்தேல்லையே?"

"ஈரமெல்லோ இருந்தது. நான் ஏன் ஊத்திறன்?"

"கெட்டிக்காரி அம்மா" என்று மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் உண்மையான ஆறுதல் இருந்தது. அவன் என்னை அனுப்ப விரும்பவில்லை, பாவம், அவனுக்கும் பயம், நான் தப்பிவிட வேண்டும் என்று அவனும்தான் நேர்ந்துகொண்டிருக்கிறான். இப்போது வந்து சேற்றைப் பார்த்தால் மறதிக்கு மேல் பொய்யும் சேர்ந்துவிடும். மறந்தது தெரியாமல் வியாழக்கிழமை என்று சாதிக்கிறா என்று நினைப்பான், அது மறதியைவிடக் கூடின வியாதி என்று நினைப்பான்.

திரும்பவும் இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து பனித் தெருவில் ஒரு மணித்தியாலமாவது எடுக்கும், அதற்குள் மண்ணைக் காய வைக்க முடியுமா, தலைமயிர் காயவைக்கிற மெசினைப் பிடித்தால் என்ன, இலை கருகுமோ, காற்றாடியைக் கூட்டி வைத்தாள், அது சாடியை விட்டுவிட்டு அவளுடைய சேலைத் தலைப்பைத்தான் காயவைத்தது. தடித்த துணியால் தைத்த அந்தச் சாடிகளின் சுவரைத் துவாயால் சுற்றி அமத்தினாள், ஈரம் துவாய்க்கு ஊறி வந்தது, பிழிந்தாள், திரும்பச் சுற்றினாள், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் மாதிரி. செத்துப் போகாதையுங்கோ ராசாத்திகள், இண்டைக்கு மட்டும் நிமிர்ந்து நில்லுங்கோ என்று கன்றுகளிடம் வாய்விட்டே சொன்னாள். பிறகு பூவாளி வைக்கிற இடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பூவாளியைச் சலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் மூக்கு சுவரைப் பார்க்கத்தான் வைப்பாள், முன்பு ஒருமுறை அதன் மூக்கில் சேலை கொளுவி விழப்பார்த்த நாளிலிருந்து அப்படித்தான், யோசிக்காமல் கை தானாகவே வைக்கிற விதம். இப்போது பூவாளி அந்த இடத்தில் இல்லை. சுற்றிப் பார்த்தாள். மெசினுக்குப் பின்னால் இல்லை, கூடாரத்துக்குப் பின்னால் இல்லை. காலையில் இருந்ததா? காலையில் வந்தேனா? மூளை போகும், கையுமா போகும், ஐம்பது அறுபது வருடம் பழகிய கை எதையும் மறக்காது, பாய் பின்னினவர்கள் கண் தெரியாமல் போனாலும் பின்னுவார்கள். பூவாளியை நான் எடுக்கவில்லை. முதல் முறையாக உள்ளே இருக்கிறவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பேசாமல் இருத்தலில் கமலாம்பிகைக்கு வேறு விதமான பயம் பிடித்தது. வீட்டுக்குள் யாரோ வருகிறார்களா? பின்கதவு பூட்டியிருந்ததா? யார் வந்து களவெடுக்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவான்?

படியில் காலடி. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குகிற காலடி, தண்ணீர் தளும்புகிற சத்தம். பேரின்பநாயகம் வந்தார். சாரத்தை மடித்துத் தொடைக்கு மேலே கட்டியிருந்தார், வெறுங்கால், சால்வை தலையில் தலைப்பாகையாக ஏறியிருந்தது, கையில் குளியலறைக் குழாயில் நிரப்பிய பூவாளி, தோளெல்லாம் நனைந்திருந்தது. முழங்கால் நோ எங்கேயோ போய்விட்டது. அவள் நிற்பதைக் கண்டு அவர் திகைக்கவில்லை, வழியில் நிற்கிற ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும் பிள்ளை" என்றார். "தண்ணி மாற வேணும்."

"என்ன?"

"விடியவும் மாறினனான். காணாது. வெயிலுக்குக் கன்றெல்லாம் சோர்ந்து கிடக்குது, பாரும். அண்ணை இறைச்சுக் களைச்சுப் போனார், கெதியா மாறி முடிச்சாத்தான் அவர் துலாவை விட்டு இறங்கலாம்."

தண்ணி மாறுவது. அந்தச் சொல்லை அவள் கேட்டு எவ்வளவு காலம். அவருடைய ஊரில் புகையிலைத் தோட்டத்துக்கு ஒருவர் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்து இறைப்பார், இன்னொருவர் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்று மண்ணை வெட்டித் திறந்தும் அணைத்து மூடியும் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புவார், அந்தத் திருப்புவதற்குத்தான் அங்கே மாறுவது என்று பெயர். தம்பிக்காரன் பள்ளிக்கூடம் போக முன் தண்ணி மாறுவான், தமையன் இறைப்பார். தமையன் தெய்வேந்திரம் செத்து முப்பது வருடமாகிறது, செத்த செய்தியை இவளே ரெலிபோனில் வாங்கி இவருக்குச் சொன்னாள். அவர் குனிந்து முதலாவது சாடிக்கு ஊற்றினார், அளவாக, ஆசையாக, மண் அரிக்காதபடி கையை விரித்துத் தாரையைத் தடுத்து, வாயால் ஏதோ எண்ணிக்கொண்டு. நிறைந்து வழிந்தது. அவர் கண்ணுக்கு வழியவில்லை. நான் இல்லை. கமலாம்பிகையின் உடம்பெல்லாம் அது ஒன்றுதான் ஓடியது, நான் இல்லை, நான் இல்லை, நான் மறக்கவில்லை, வியாழக்கிழமைதான், கதிரைதான், தேத்தண்ணி கொடுத்தேன், அடுப்பை நிறுத்தினேன், பிறகு யாரோ மூட்டியிருக்கிறார்கள், நான் இல்லை. கூத்தாட வேண்டும் போல சந்தோசம் வந்தது, வெட்கமில்லாமல் சந்தோசம். வந்த சந்தோசம் ஒரு மூச்சுக்கு நின்றது. பிறகு தேத்தண்ணி குடித்தவர் குடிக்கவில்லை என்றது யார் என்று புரிந்தது. அவளை அவர் தன் தங்கச்சியின் பெயரால் இரண்டு முறை கூப்பிட்டது, சவரம் பண்ணின முகத்தைத் திரும்பச் சவரம் பண்ணி வெட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் அவள் கண்டாள், கண்டும் காணவில்லை, மாதக்கணக்காகத் தன்னையே காவல் காத்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் ஆள் போய்க்கொண்டிருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். இரண்டாவது சாடிக்குப் போன பூவாளியின் பிடியில் தன் கையை வைத்தாள். "தாங்கோ" என்றாள், "மிச்சத்தை நான் மாறுறன். அண்ணையை இறங்கச் சொல்லுவம்." அவர் உடனே கொடுத்துவிட்டார். "சொல்லும்" என்றார், "சரியாக் களைச்சுப் போனார்." அவள் அவருடைய சாரத்தை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிவிட்டாள், தலைப்பாகையை எடுத்து ஈரத் தோளைத் துடைத்தாள், துடைக்கும்போது அவர் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொடுத்தார்.

மேலே கதவு திறந்தது. சப்பாத்திலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம், பெட்டி உருளுகிற சத்தம், நிரோஜா யாரோடோ ரெலிபோனில் சிரிக்கிற சத்தம். இவ்வளவு கெதியாகவா? ஒரு மணித்தியாலம் போய்விட்டதா? சேந்தன் குளிர்ச்சட்டை கழற்றாமல் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தான். சொல்லிவிடலாம், மகன் படித்தவன், புரிந்துகொள்வான். புரிந்துகொண்டு என்ன செய்வான்? அவரையும் அந்த டொக்டரிடம் கொண்டுபோவார்கள், அவர் ஒரு சொல்லையும் திருப்பிச் சொல்ல மாட்டார், ஊசியிலை மரத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் அவரை விட்டுவிட்டு வருவார்கள், அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு இது எந்த ஊர், இவர்கள் ஆர், இவள் எங்கே போனாள் என்று யாரிடம் கேட்பார், அங்கே தண்ணி மாறுவது என்றால் யாருக்கு விளங்கும். என்னை எங்கே கொண்டுபோய் விட்டாலும் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சேந்தன் கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றான். சிரிப்போடு வந்தவன் முகம் மெல்ல மாறியது.

"என்னம்மா இது? வேரெல்லாம் போயிருக்குமே. ஆர் இவ்வளவு தண்ணி ஊத்தினது?"

"நான்தான் தம்பி."

"வியாழக்கிழமைக்குப் பிறகு ஊத்தேல்லை எண்டீங்கள்?"

"மறந்துபோனன். ஊத்தின நினைவில்லாமல் திருப்பித் திருப்பி ஊத்திப்போட்டன். இப்பவும் ஊத்தத்தான் வந்தனான், அப்பாதான் இறங்கி வந்து மறிச்சவர்."

சேந்தன் அவள் கையிலிருந்த பூவாளியைப் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். மகனைக் கண்டதும் பேரின்பநாயகத்தின் முகம் தெளிந்துவிட்டது, எங்கேயோ போயிருந்தவர் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார், வந்ததும் வழக்கம் போல ஒரு செருமல்.

"நான் சொன்னனானெல்லே" என்றார். "கொம்மாவுக்கு ஒண்டும் நினைவில்லை. தேத்தண்ணி கேட்டாலும் ஒண்டுக்கு நாலுதரம் கேக்க வேண்டிக் கிடக்கு."

கமலாம்பிகை தலையை ஆட்டினாள். "உண்மைதான்" என்றாள்.

சேந்தன் குந்தியிருந்து தட்டுத் தண்ணீரைத் துவாயால் ஒற்றத் தொடங்கினான். அழுகிறானோ என்று பார்த்தாள், இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், சின்ன வயதிலும் அப்படித்தான், விழுந்தால் அழமாட்டான்.

"தம்பி, அந்த இடத்துக்குப் பேரைக் குடு."

"உதை இப்ப ஏனம்மா கதைக்கிறியள்?"

"நீ குடு. நான் போறன். ஆனா அப்பாவையும் என்னோட விடவேணும். ஒரே அறையில. எனக்குச் சாப்பிட்டதையும் குளிச்சதையும் ஞாபகப்படுத்த ஆள் வேணும், அவர் இல்லாட்டி எனக்கு ஒண்டும் ஓடாது. அவர் இல்லாமல் நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டன்."

"ஓம், நான் போறன்" என்றார் பேரின்பநாயகம். குரலில் ஒரு பெரிய பொறுப்பு ஏறியிருந்தது. "உவளைத் தனிய விடேலாது."

மகன் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கண் நனைந்துவிட்டது. "சரி அம்மா" என்றான், "ரெண்டு பேரையும் பிரிக்க மாட்டன். ஒண்டாத்தான்."

"சத்தியம்?"

"சத்தியம்."

"பிறகு அங்க இடமில்லை, இங்க இடமில்லை எண்டு சொல்லப்படாது. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ குளிர்ச்சட்டை கழட்டாமல் இந்த இடத்தில குந்தியிருந்து சொன்னனி. நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டன்."

துவாயைப் பிழிந்துகொண்டிருந்த சேந்தனின் கை நின்றது. அவன் தாயைப் பார்த்தான்.